ஒற்றைக்கை மருத்துவர் சர் அர்னால்ட் தைலர்

மனிதனுக்கு நோய் வந்தால் வாய்விட்டுச் சொல்வான். மாட்டுக்கு வந்தால் அது என்ன செய்யும்? தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். அவ்வளவுதான். அந்தத் தலைதிருப்பலின் பொருளை அறிந்துகொள்ள ஒருவன் தன் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டான் என்றால் அவனை நாம் அறிந்திருக்க வேண்டாமா?

சென்ற கோடையில் எங்கள் வீட்டுக் கலப்பினப் பசுவுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. தோள்பட்டைக்கு முன்னே கழலை புடைத்திருந்தது. காதோரத்தில் உண்ணிகள் அப்பியிருந்தன. பார்க்க வந்த கால்நடை மருத்துவர் காதிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிக்கொண்டு போனார். மறுநாள் அது தைலேரியா நோய் என்றார். ஊசி போட்டார். பசு பிழைத்தது. அந்தப் பெயர் மட்டும் என் மனத்தில் தங்கிவிட்டது. கல்லூரி திறந்ததும் விலங்கியல் ஆசிரியரிடம் கேட்டேன். அது ஒரு மனிதரின் பெயர் என்றார். அந்த மனிதரைத் தேடி நூலகத்தில் கழித்த நாட்களின் பயனே இக்கட்டுரை.

ஆசிரியர் மகன்

சுவிட்சர்லாந்து நாட்டின் ஆர்காவ் மாநிலத்தில் ஃப்ரிக் என்பது ஒரு சிற்றூர். அங்கே 1867ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள் அர்னால்ட் தைலர் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். செல்வக் குடும்பமன்று. பெர்ன், சூரிச் ஆகிய நகரங்களில் கால்நடை மருத்துவம் பயின்று 1889இல் தேர்ச்சி பெற்றார். லூசர்ன் மாநிலத்தில் பெரோமுன்ஸ்டர் என்ற ஊரில் தொழில் தொடங்கினார்.

கிராமத்துக் கால்நடை மருத்துவர் வாழ்வு எப்படியிருக்கும் என்பதை நாட்டுப்புறத்தில் பிறந்த நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. நள்ளிரவில் கதவு தட்டப்படும். கன்று குறுக்கே கிடக்கிறது என்பார்கள். சேற்றில் நடந்து போக வேண்டும். கூலி சில நாள் காசாக வரும்; பல நாள் நன்றியாக வரும். அந்த வாழ்வில் குறையொன்றுமில்லை. ஆனால், இளைஞர் தைலரின் மனம் அவ்வூர் எல்லைக்குள் அடங்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் தங்கம் கிடைத்திருந்த காலம் அது. ஐரோப்பிய இளைஞர் பலர் கப்பலேறினர். தைலரும் 1891இல் ஏறினார். மற்றவர்கள் பொன் தேடிப் போனார்கள். இவர் நோய் தேடிப் போனார். அறியாத நோய்கள் நிறைந்த அந்த நிலத்தில் ஒரு கால்நடை மருத்துவனுக்கு வேலையிருக்கும் என்பது அவர் கணக்கு.

போன கை

கணக்கு முதலில் பொய்த்தது. டிரான்ஸ்வால் குடியரசின் தலைநகரான ப்ரிட்டோரியாவில் வந்து இறங்கிய இருபத்துநான்கு வயது இளைஞரை யாரும் தேடி வரவில்லை. அங்கிருந்த போயர் உழவர்கள் தங்கள் மாட்டுக்குத் தாங்களே வைத்தியம் பார்த்துக்கொள்ளும் பழக்கமுடையவர்கள். படித்த மருத்துவரை அழைத்துப் பணம் கொடுப்பது அவர்களுக்குப் புதுமை. பிழைப்புக்காக நகருக்கருகே ஐரீன் என்ற பெரும்பண்ணையில் தைலர் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கேதான் அந்த விபத்து நேர்ந்தது. அதே 1891ஆம் ஆண்டில், பண்ணையின் தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் சிக்கி அவருடைய இடக்கை போயிற்று.

ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். எழுத்தாளருக்குக் கை போனால் சொல்லி எழுத வைக்கலாம். கால்நடை மருத்துவனுக்குக் கைதானே கருவி? துள்ளும் குதிரையைப் பிடிக்க ஒரு கை, ஊசி போட ஒரு கை வேண்டும். அறுவைக்கத்தி ஒரு கையில், நரம்பைப் பற்றும் இடுக்கி மறு கையில் வேண்டும். உற்றார் இல்லாத ஊர். ஊன்றிக்கொள்ளாத தொழில். ஊருக்குத் திரும்பிப் போயிருந்தால் குறை சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் தைலர் போகவில்லை. ப்ரிட்டோரியாவுக்குத் திரும்பி மறுபடியும் தொழில் தொடங்கினார். நுண்ணோக்கியின் திருகைத் திருப்ப ஒரு கை போதும் என்று எண்ணினார் போலும்! மாட்டுக்கு மாடு ஓடி மருந்து கொடுப்பதைவிட நோயின் வேரைக் கண்டுபிடிக்கும் ஆய்வின் பக்கம் அவருடைய வாழ்வு திரும்பியது.

கன்று தந்த அம்மைப்பால்

1893இல் வாய்ப்பு வந்தது. அதுவும் ஒரு கொள்ளைநோயின் உருவில் வந்தது. தங்கச் சுரங்கங்கள் நிறைந்த விட்வாட்டர்ஸ்ராண்டுப் பகுதியில் பெரியம்மை பரவியது. சுரங்கத் தொழிலாளர்கள் நெருக்கமாக அடைந்து வாழ்ந்த இடம். தடுப்பு மருந்து உடனடியாக வேண்டும்.

அக்காலத்தில் அம்மைப்பால் எப்படிக் கிடைத்தது தெரியுமா? கன்றின் வயிற்றுப்புறத்து மயிரை மழித்து, தோலை இலேசாகக் கீறி, அதில் அம்மைப்பாலை விதைப்பார்கள். சில நாட்களில் அங்கே கொப்புளங்கள் எழும். அவற்றைச் சுரண்டி எடுத்துக் கிளிசரினில் அரைத்துக் குழாய்களில் அடைப்பார்கள். கன்று நலமாயிருந்தால் மருந்தும் நலமாயிருக்கும். ஆகவே மனிதருக்கான மருந்தேயாயினும் அதைச் செய்வதற்குக் கன்றை அறிந்தவர் வேண்டும். தைலர் அதைச் செய்தார், வெற்றியும் பெற்றார். மருந்தை எழுதிக் கொடுப்பவராக இருந்தவர் மருந்தை ஆக்குபவரானது அன்றுதான். பின்னாளில் அவர் எழுப்பிய பெருநிறுவனத்துக்கு வித்து இந்தக் கன்றுக் கொட்டிலில் விழுந்தது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த எம்மா என்னும் பெண்மணி அவருக்கு மனைவியாக வாய்த்தார். வறுமையிலும் உடன் நின்றார்.

வெக்கை வந்தது

நம் நாட்டு முதியவர்கள் வெக்கை என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். மாட்டின் வாயில் புண் கண்டு, கண்ணில் நீர் வடிந்து, கழிச்சல் எடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் தொழுவமே காலியாகும் கொடிய நோய். இந்நோய் 1880களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில் நுழைந்தது. அதற்கு முன் அதை அறியாத மண். அறியாத மாடுகள். தீ பரவுவது போலத் தெற்கு நோக்கிப் பரவி 1896இல் சாம்பசி ஆற்றைத் தாண்டியது. இருபத்தைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் தென்பகுதியில் மடிந்தன. வண்டி மாடுகள் நுகத்தடியிலேயே வீழ்ந்தன. சரக்கேற்றிய வண்டிகள் நடுவழியில் நின்றன.

வெள்ளையருக்கு அது பொருளிழப்பு. கறுப்பின மக்களுக்கோ அது வாழ்விழப்பு. மாடுதான் அவர்களுக்குச் சொத்து. மாடுதான் பெண்ணுக்குப் பரிசம். மாடுதான் பஞ்சத்துக்குக் காப்பு. மாடிழந்த குடும்பத்து ஆண்கள் சுரங்கக் கூலிகளாகப் போனார்கள். நோயைத் தடுக்கும் முயற்சியில் நலமாயிருந்த மந்தைகளையும் அரசினர் சுட்டுக் கொன்றபோது, நோய்க்கும் ஆட்சிக்கும் வேறுபாடு காணாமல் அவர்கள் கலங்கியதில் வியப்பில்லை.

டிரான்ஸ்வால் அரசு அம்மைப்பால் செய்த தைலரை அழைத்துக் கால்நடை மருத்துவ அலுவலராக்கியது. நேட்டால் பகுதியிலிருந்து வாட்கின்ஸ் பிட்ச்ஃபோர்டு என்ற கால்நடை மருத்துவர் வந்து சேர்ந்தார். இருவரும் ஒன்றைக் கூர்ந்து நோக்கினர். வெக்கை வந்து பிழைத்த மாட்டை அந்நோய் மறுபடி தீண்டுவதில்லை. அப்படியானால் அதன் இரத்தத்தில் ஏதோ ஒரு காவல் இருக்க வேண்டும். அந்த இரத்தத்தின் தெளிநீரை எடுத்து வேறு மாட்டுக்குச் செலுத்திப் பார்த்தனர். காவல் கிடைத்தது.

அதே வேளையில் ஜெர்மனியிலிருந்து புகழ்மிக்க இராபர்ட் காக் கிம்பர்லிக்கு வந்து, நோயுற்று இறந்த மாட்டின் பித்தநீரைச் செலுத்தும் முறையை வெளியிட்டார். காச நோய்க் கிருமியைக் கண்டவர் அவர். உலகம் அவர் பக்கம் திரும்பியது. ஆயினும் காலப்போக்கில் நிலைத்தது இரத்தத் தெளிநீரை அடிப்படையாகக் கொண்ட முறையே. அந்த வெற்றி தைலர் ஒருவருக்கே உரியதன்று. பலரும் பல இடங்களில் அதற்காக உழைத்தனர். ஆனால், முதலில் அவ்வழியில் கால் வைத்தவர்களுள் அந்த ஒற்றைக்கை மருத்துவரும் ஒருவர்.

டாஸ்பூர்ட் கொட்டகை

1898இல் ப்ரிட்டோரியாவுக்கு அருகே டாஸ்பூர்ட் என்ற இடத்தில் அவருக்கு ஓர் ஆய்வுக்கூடம் தரப்பட்டது. கூடம் என்றதும் மாளிகையை நினைக்க வேண்டாம். எளிய, வசதியற்ற இடம்தான். அடுத்த ஆண்டே போர் மூண்டது. போயர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த அந்தப் போரில் தைலர் போயர் படையின் பீரங்கிப் பிரிவுக் குதிரைகளுக்கு மருத்துவராகப் பணியாற்றினார். லேடிஸ்மித் முற்றுகையையும் கண்டார். 1900இல் ப்ரிட்டோரியா ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. எதிரிப் படையில் பணியாற்றியவரை வென்றவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? வேலையை விட்டு நீக்கியிருக்கலாம். ஆனால் அவரையே மீண்டும் ஆய்வுக்கூடத்தில் அமர்த்தினர். ஆட்சி மாறினாலும் மாட்டின் நோய் மாறுவதில்லை அல்லவா?

போருக்குக் குதிரை வேண்டும்; கோவேறு கழுதை வேண்டும். அந்நாட்டில் குதிரைகளுக்கு ஒரு நோய் உண்டு. மழைக்காலத்தில் திடீரென்று மூச்சுத் திணறி, மூக்கில் நுரை தள்ளி, குதிரை விழுந்து இறக்கும். ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்று அதற்குப் பெயர். அதன் கிருமி நுண்ணோக்கியில் தென்படவில்லை. பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் பீங்கான் வடிகட்டியில் இரத்த நீரை வடித்தாலும் வடிந்த நீர் நோயை உண்டாக்கியது. லண்டனில் மக்ஃபாடியன் என்ற அறிஞர் 1900இல் இதனைக் காட்டினார். தைலர் தம் சோதனைகளால் உறுதிப்படுத்தினார். இன்று வைரஸ் என்று நாம் எளிதாகச் சொல்லும் உயிரியின் தொடக்கக் கால அடையாளங்களுள் ஒன்று இது.

மருந்தும் செய்தார். ஒரே வேளையில் காக்கும் தெளிநீரையும் நோயுண்டாக்கும் இரத்தத்தையும் செலுத்துவது அவர் முறை. கோவேறு கழுதைகளில் அது பலித்தது. குதிரைகளில் முழுமையாகப் பலிக்கவில்லை. ஒருமுறை காப்புப் பெற்ற குதிரை வேறோர் ஊருக்குப் போனதும் அதே நோயால் இறந்தது. ஏன்? கிருமி ஒரே வகையன்று. பல வகை என்பதை அவர் உணர்ந்தார். தோல்வி தந்த பாடம் அது.

உண்ணியைத் தேடி

வெக்கையில் இழந்த மாடுகளுக்கு ஈடாகப் பிற நாடுகளிலிருந்து மாடுகளை வாங்கினார்கள். வாங்கிய மாடுகளோடு ஒரு நோயையும் வாங்கினார்கள். கிழக்காப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த மாடுகளின் வழியாக 1902ஐ ஒட்டி ஒரு புதுக் காய்ச்சல் பரவியது. நூறு மாட்டில் தொண்ணூறு மடியும் கொடுமை. பழைய சிவப்பு நீர்க் காய்ச்சல்தான் இது என்று பலரும் கருதினர். மறுபடியும் இராபர்ட் காக்கை அழைத்தனர். அவர் கூறிய தடுப்புமுறை இம்முறை பயன் தரவில்லை.

தைலர் பொறுமையாக ஆராய்ந்தார். சிவப்பு நீர் நோயானால் நோயுற்ற மாட்டின் இரத்தத்தை நல்ல மாட்டுக்குச் செலுத்தியதும் நோய் வர வேண்டும். இங்கே வரவில்லை. இரத்த அணுவுக்குள் தென்பட்ட ஒட்டுண்ணியும் மிகச் சிறியது. ஆகவே இது வேறு நோய் என்று முடிவு செய்தார். 1904இல் அந்தச் சின்னஞ்சிறு உயிரியை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். கேப் பகுதியில் பூச்சியியல் அறிஞர் லவுன்ஸ்பரி, பழுப்புநிறக் காது உண்ணிதான் அதைப் பரப்புகிறது என்று நிறுவினார்.

இந்த இரண்டு உண்மைகளும் சேர்ந்தபோது வழி பிறந்தது. நோயுற்ற உண்ணி ஒரு மாட்டைக் கடித்ததோடு அதன் நஞ்சு தீர்ந்துவிடும். பிழைத்த மாடு பிற உண்ணிக்கு நோயைத் தருவதில்லை என்று அன்று கருதினர். அப்படியானால் ஒரு மேய்ச்சல் நிலத்தை ஓராண்டுக்கு மேல் மாடு படாமல் வேலியிட்டு வைத்தால் அந்நிலம் தானே தூய்மையாகும்! மாடுகளை மருந்து நீர்த் தொட்டியில் அடிக்கடி நீந்தவிட்டால் உண்ணி ஒழியும்! ஊசியுமில்லை, மாத்திரையுமில்லை, வேலியும் தொட்டியும் மருந்தாயின. ஒழிக்க அரை நூற்றாண்டு பிடித்தது. 1950களில் அந்நாடு அந்நோயிலிருந்து விடுபட்டது. அந்த ஒட்டுண்ணிக் குடும்பத்துக்கு 1907இல் போர்ச்சுக்கல் நாட்டு அறிஞர்கள் தைலேரியா என்று பெயரிட்டனர். எங்கள் பசுவைத் தாக்கியது அக்குடும்பத்தின் மற்றோர் உறுப்பு. அதை நம் நாட்டில் பரப்புவது வேறோர் உண்ணி. பெயர் மட்டும் ஒன்றே.

1910இல் இரத்த அணுவின் ஓரத்தில் புள்ளிபோல் தோன்றும் அனப்பிளாஸ்மா என்ற நோயுயிரியையும் அவர் கண்டறிந்தார். அதன் உறவான இன்னொரு வகை, நோயை மிக மென்மையாகவே உண்டாக்கியது. வலிய பகைவனுக்கு எதிராக அவனுடைய மெலிந்த தம்பியையே காவல் நிறுத்தினார்! அந்த மென்மையான வகையைக் கொண்டு செய்யும் தடுப்பு மருந்து நூறாண்டு கடந்தும் சில நாடுகளில் பயன்படுகிறது.

ஒண்டர்ஸ்டெபூர்ட்

கொட்டகையில் இத்தனை வேலை நடந்தால் நல்ல கூடத்தில் எவ்வளவு நடக்கும்? தைலர் ஓயாமல் கேட்டார். ஆட்சியினர் இசைந்தனர். ப்ரிட்டோரியாவுக்கு வடக்கே ஒண்டர்ஸ்டெபூர்ட் என்ற பண்ணை நிலத்தில் புதிய ஆய்வு நிலையம் எழுந்தது. 1908இல் தைலர் அங்கே குடியேறினார்.

அந்த நிலையத்தின் தனிச்சிறப்பு யாது? ஆராய்ச்சியும் மருந்தாக்கமும் ஒரே வளாகத்தில் நடந்ததே. ஒரு கூடத்தில் நோயைக் கண்டறிவார்கள். அடுத்த கூடத்தில் அதற்கு மருந்து செய்வார்கள். அங்கிருந்து புட்டிகள் உழவர் வீட்டுக்குப் போகும். உழவர் அனுப்பும் செத்த மாட்டின் உறுப்புகள் மறுபடி முதல் கூடத்துக்கு வரும். ஆடுகளைத் தாக்கும் நீலநாக்கு நோய்க்குத் தைலர் ஆக்கிய மருந்து நாற்பது ஆண்டுகளுக்கு அருகில் பயன்பட்டது. அது குறையற்றதன்று என்பது பின்னர் தெரிந்தது. அதைவிடச் சிறந்தது வரும்வரை அதுவே காத்தது.

1914இல் ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது. அவர் அதோடு நின்றுவிடவில்லை. பிற நாட்டு மருத்துவர்களை எத்தனை நாளைக்கு இறக்குமதி செய்வது? அந்த நாட்டுப் பிள்ளைகளே படிக்க வேண்டும் என்று 1920இல் அங்கேயே கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கி, அதன் முதல் தலைவராகவும் இருந்தார். முதல் அணி 1924இல் பட்டம் பெற்றது. ஆனால், அந்தக் கல்வியின் கதவு அந்நாளில் வெள்ளை மாணவர்க்கே திறந்திருந்தது. மாடுகளைப் பிடித்தும் மேய்த்தும் ஆய்வுக்கு உழைத்த கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்கு அது திறக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. வரலாற்றை எழுதுகிறவர்கள் இதையும் எழுதத்தான் வேண்டும்.

எலும்பைக் கடித்த மாடுகள்

தைலரின் ஆய்வுகளில் கதை போல் சுவையானது லாம்சீக்தே என்னும் முடக்கு நோயைப் பற்றியது. வறண்ட மேற்குப் பகுதியில் நல்ல மாடுகள் திடீரென்று கால் விறைத்து நடக்கும், பின் விழும், தலை தூக்க முடியாமல் இறக்கும். நச்சுப் புல் ஏதோ காரணம் என்று தைலர் முதலில் எண்ணினார். அவ்வாறே எழுதவும் செய்தார். அது தவறு.

1919இல் ஃப்ரைபர்க் அருகில் ஒரு வறண்ட பண்ணையில் தம் துணைவர்களோடு தங்கி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மாடுகளின் பின்னாலேயே நடந்தார்கள். மாடுகள் ஒரு விந்தை செய்தன. செத்துக் கிடந்த விலங்குகளின் எலும்பை எடுத்துக் கடித்தன! புல் தின்னும் மாடு எலும்பை ஏன் கடிக்கிறது? மண்ணில் பாஸ்பரஸ் சத்துக் குறைவு. மண்ணில் இல்லாதது புல்லிலும் இல்லை. புல்லில் இல்லாததை மாடு எலும்பில் தேடியது. அழுகிய எலும்பில் பாட்டுலிசக் கிருமி உண்டாக்கிய கொடிய நஞ்சு இருந்தது. நஞ்சு மாட்டை முடக்கியது. செத்த மாட்டின் எலும்பு அடுத்த மாட்டுக்கு எமனாயிற்று.

மண், புல், மாடு, எலும்பு, கிருமி என்று இந்தச் சங்கிலியைக் கண்டபின் மருந்து மிக எளிதாயிற்று. தூய்மையான எலும்புத்தூளைத் தீவனத்தோடு கொடுப்பது. செத்ததை உடனே அகற்றுவது. எலும்புத்தூள் தின்ற மாடுகள் நோயிலிருந்து தப்பியதோடு கொழுக்கவும் செய்தன. பயனற்றதென்று கருதப்பட்ட மேய்ச்சல் நிலங்கள் பயன் தந்தன.

மருந்தே நோயானபோது

ஒரு மனிதரின் உயரத்தை அவர் வெற்றியைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது. குதிரை நோய்க்காகத் தெளிநீர் செலுத்தப்பட்ட குதிரைகள் சில, வாரங்கள் கழித்துக் கல்லீரல் அழிந்து இறந்தன. தெளிநீரே அதற்குக் காரணமோ என்ற ஐயம் எழுந்தது. தம் மருந்தின் மீது வந்த பழியை மறைக்க எவருக்கும் தோன்றும். பதவியும் பட்டமும் உள்ளவருக்கு மறைப்பது எளிதும்கூட. தைலர் மறைக்கவில்லை. 1918ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நோயைத் தாமே விரிவாக விளக்கி எழுதி வெளியிட்டார். குதிரை மருத்துவத்தில் அது இன்றும் தைலர் நோய் என்றே வழங்குகிறது. அதற்குப் பின்னணியில் ஒரு வைரஸ் இருக்கிறது என்பது நூறாண்டு கழித்தே தெளிவாயிற்று.

பகைக் கிருமிக்கு ஒருவர் பெயர் சூட்டப்படுவது பெருமை. தம் மருந்தால் வந்த நோய்க்குத் தம் பெயர் நிலைக்கும்படி உண்மையை எழுதி வைத்தது அதனினும் பெருமை என்பது என் துணிபு.

அவருக்குப் பின்

1927இல் தைலர் ஓய்வு பெற்றார். 1936ஆம் ஆண்டு சூலை 24ஆம் நாள் தாய்நாடான சுவிட்சர்லாந்தில் லூசர்ன் நகரில் மறைந்தார். தொழில் தொடங்கிய மாநிலத்திலேயே வாழ்வு முடிந்தது.

அவர் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளும் அவ்வழியே நடந்தனர். மகள் கெர்ட்ரூட் உண்ணிகளைப் பற்றிய ஆய்வில் புகழ் பெற்றார். 1899இல் ப்ரிட்டோரியாவில் பிறந்த இளைய மகன் மாக்ஸ் தைலர், மனிதரைக் கொல்லும் மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பு மருந்து கண்டு 1951இல் நோபல் பரிசு பெற்றார். தந்தை மாட்டைக் காத்தார். மகன் மனிதரைக் காத்தார்.

ஒண்டர்ஸ்டெபூர்ட்டும் வளர்ந்தது. 1930களில் அங்கே மாக்ஸ் ஸ்டெர்ன் என்பவர் அடைப்பான் நோய்க்கு ஒரு தடுப்பு மருந்து கண்டார். அந்தக் கிருமி வகை உலகெங்கும் சென்றது. நம் நாட்டு மாடுகளுக்கும் வந்தது. 1932இல் தொடங்கப்பட்ட நம் இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையமும் அடைப்பான் தடுப்பு மருந்தை ஆக்கி நம் கிராமங்களுக்குத் தருகிறது. 1960இல் ஆப்பிரிக்கக் குதிரை நோய் மேற்காசியா வழியாக இந்தியாவுக்குள் நுழைந்தபோது, அரை நூற்றாண்டுக்கு முன் தைலர் தொடங்கிய ஆராய்ச்சியின் அருமை நமக்கும் விளங்கியது. அந்நிலையத்தின் மருந்தாக்கப் பிரிவு, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுக்குச் சொந்தமான தனி நிறுவனமாயிற்று. கன்றுக் கொட்டிலில் விழுந்த வித்து நூறாண்டு கடந்து ஆலமரமாயிற்று.

நமக்கு

மனிதகுலம் இதுவரை உலகிலிருந்து அடியோடு ஒழித்த கொள்ளைநோய்கள் இரண்டே. ஒன்று பெரியம்மை, 1980இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மற்றொன்று வெக்கை, 2011இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இந்த இரண்டையும் எதிர்த்துத்தான் தைலர் தம் பணியைத் தொடங்கினார். 1893இல் ஒன்று, 1896இல் மற்றொன்று. இரண்டும் ஒழிந்த நாளை அவர் காணவில்லை. ஒழித்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள், நம் நாட்டில் மாட்டுச் சந்தைகளிலும் சாவடிகளிலும் நின்று ஊசி போட்ட பெயர் தெரியாத கால்நடை ஊழியர்களும் அவர்களுள் அடங்குவர்.

நண்பர்களே! நம்முள் பலர் மாடு விற்ற பணத்தில் கல்லூரிக் கட்டணம் செலுத்தியவர்கள். பால் ஊற்றிய காசில் பேருந்துச் சீட்டு எடுத்தவர்கள். ஒரு பசு இறந்தால் ஒரு வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கிறது என்பது நமக்குப் புள்ளிவிவரமன்று, நேரே கண்டது. எங்கள் பசு பிழைக்காதிருந்தால் இக்கட்டுரையை நான் இங்கே அமர்ந்து எழுதியிருப்பேனா என்பது ஐயமே.

நமக்கு வசதியில்லை, ஆய்வுக்கூடமில்லை, வாய்ப்பில்லை என்று நாம் சொல்லும்போதெல்லாம் டாஸ்பூர்ட் கொட்டகையை நினைத்துக்கொள்வோம். எடுத்த கொள்கை தவறு என்று தெரிந்தபின்னும் அதைப் பற்றிக்கொண்டிருக்க ஆசை வரும்போதெல்லாம், எலும்பைக் கடித்த மாடுகளின் பின்னே நடந்த அந்த ஐம்பத்திரண்டு வயது மனிதரை நினைத்துக்கொள்வோம். அவர் இழந்தது ஒரு கை. மீதமிருந்த ஒரு கையால் அவர் செய்ததை அளக்க நம் இரு கைகளிலும் உள்ள விரல்கள் போதா.

இப்போதெல்லாம் மாலையில் பசுவைக் கட்டும்போது அதன் காதோரத்தை ஒருமுறை தடவிப் பார்க்கிறேன். உண்ணி இருந்தால் எடுத்து நெருப்பில் போடுகிறேன். தைலரிடம் நான் கற்ற முதற்பாடம் அதுவே.